பக்கத்து வீட்டுத் தூக்கம்

அக்காவுக்குத் தூக்கம் வர இடம், நேரம் எதுவும் வேண்டாம். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே தூங்குவாள். முறம் மடியில் இருக்கும், பொறுக்கின கல் விரலுக்கு நடுவிலேயே இருக்கும். குழாயடியில் தண்ணீர் வரக் காத்திருக்கும்போது, குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து தூங்குவாள். பங்காருப்பேட்டை ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பாள். திடீரென்று ஒரு விரலைத் தூக்கி, "தோ, ரெண்டே நிமிசம்" என்பாள். அந்த விரல் கீழே இறங்குவதற்குள் குறட்டை வந்துவிடும்.

சொந்த அக்கா இல்லை. சாம்பியன் ரீப்ஸில் தங்கச் சுரங்க ஆட்களுக்குக் கட்டின வீட்டு வரிசை, ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் ஒரே சுவர். அதுவும் கூரையைத் தொடாமல் நின்றுவிடும். அந்த வீட்டில் மிளகாய் வறுத்தால் இந்த வீட்டில் நான் தும்முவேன். அவள் குறட்டை விட்டால் நம் வீட்டு டம்ளர் ஆடுது என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். கேலியில் கோபம் இருக்காது. அவள் குறட்டை மேல் யாருக்குமே கோபம் வந்ததில்லை.

எனக்குத் தூக்கம் கிடையாது. கல்யாணமாகி தங்க வயலுக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தான். வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போய்ச் சுரங்க ஷாப்டில் இறங்கிவிட்டால், மேலே ஏறி வருகிறவரை எனக்குக் கண் மூடாது. மைன்ஸ் மூடி, அவரும் போய்ச் சேர்ந்த பிறகுகூட அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. அக்காவின் வீட்டுக்காரரும் அதே ஷாப்டில்தான் இறங்கினார். அவர் கீழே இருக்கும்போது அவள் மேலே நிம்மதியாகத் தூங்கினாள். இது எப்படி ஒரு பெண்ணால் முடியும் என்று நான் யோசித்து யோசித்தே பாதி வயசைக் கழித்தேன்.

ஒரு மத்தியானம் சுரங்கத்துக்குள் எங்கேயோ பாறை வெடித்தது. அப்படி வெடித்தால் மேலே எங்கள் லைன் முழுவதும் ஆடும். என் வீட்டில் பாத்திரமெல்லாம் கொட்டிப்போனது. எல்லாரும் ஷாப்ட் பக்கம் ஓடினோம். யார் வீட்டு ஆளோ என்று நான் ஒப்பாரியே வைத்துவிட்டேன். ஆள் ஏற்றுகிற கேஜ் கூண்டு மேலே வந்து ஆட்கள் இறங்கினார்கள். நல்ல காலம், எங்கள் ஆட்கள் இரண்டு பேருமே வந்துவிட்டார்கள். அக்காவின் வீட்டுக்காரர் கூட்டத்தில் அவளைத் தேடினார். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவளை நான்தான் ஓடிப்போய் எழுப்பினேன். மேலிருந்து உதிர்ந்த சுண்ணாம்பு அவள் தலையெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது.

"இன்னா தங்கச்சி, மழையா?" என்றாள்.

பின்னாலேயே வந்த அவள் வீட்டுக்காரர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் சிரித்தார். "ஊரே ஓடியாருது, எம்பொண்டாட்டி தூங்கறா பாத்தியா?" என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "நீ இன்னாத்துக்கு ஒப்பாரி வெச்சிக்கினு நின்ன? மானம் போவுது" என்றார். ஓடியவளுக்கு அதுதான் கிடைத்தது.

சர்ச்சிலும் அப்படித்தான். பிரசங்கத்தின் நடுவில் அவள் குறட்டை கேட்கும். பாஸ்டர் ஒருநாள் நிறுத்தி, "தூங்கட்டும், எழுப்பாதீங்க. வேற எங்க இந்த மாதிரி சமாதானம் கெடைக்கும்?" என்றார். ஜனங்கள் சிரித்தார்கள். நான் இருமினால் முன் பெஞ்சில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குப் பயந்து தொண்டையில் அரிப்பு வந்தால் விழுங்கி விழுங்கியே கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மனசில் கள்ளம் இல்லாதவளுக்குத்தான் இப்படித் தூக்கம் வரும் என்று லைனில் பேசிக்கொள்வார்கள். அப்படியென்றால் என் மனசில் என்ன கள்ளம் இருக்கிறது? கேட்கத் தோன்றும். வாய் வராது. நாலு பேர் முன்னால் எனக்கு என்றைக்குமே வாய் வந்ததில்லை.

தூக்கத்தோடு போயிருந்தால்கூட மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். என் மகனையும் அவள் பக்கம் சாய்த்துக்கொண்டாள். சாய்த்துக்கொண்டாள் என்று சொல்வதுகூடத் தப்பு. அவள் ஒன்றுமே செய்யவில்லை. அவனாகவே போனான். எனக்குப் பல வருடம் கழித்துப் பிறந்தவன் ஆல்பர்ட். சின்ன வயசில் அவள் மடியில் படுத்தால் சீக்கிரம் தூங்கிவிடுவான். என் மடியில் நெளிவான். வளர்ந்து பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து தினமும் ரயிலில் போய்வந்தான். திரும்பி வந்ததும் முதலில் எட்டிப் பார்ப்பது பெரியம்மா வீட்டைத்தான். எனக்கு முழங்கால் வலி, தைலம் வாங்கி வாடா என்றால் மறந்துவிடுவான். பெரியம்மாவுக்குக் கொழுக்கட்டை பிடிக்கும் என்று மார்க்கெட்டில் தேடிப்பிடித்து வாங்கி வருவான்.

அக்காவின் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் பெங்களூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அதனால் இங்கே ஆள் இல்லை, பார்த்துக்கொள்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அப்புறம் ஒருநாள் அவள் அடுப்பில் சாதம் வைத்துவிட்டு, "ரெண்டே நிமிசம்" என்று சுவரில் சாய்ந்தாள். சாதம் தீய்ந்து, பாத்திரம் கறுத்து, புகை என் வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் ஓடினேன். பதறி எழுந்தவள் சூடான பாத்திரத்தை வெறும் கையால் பிடித்துவிட்டாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆல்பர்ட் அவள் வீட்டில் மின்விசிறி பழுது பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நாற்காலியில் தூங்கினாள். கொஞ்ச நேரத்தில் அவன் என் வீட்டுக்குள் முகம் வெளுத்து வந்தான்.

"யம்மா, பெரிம்மாவுக்கு மூச்சு நின்னு நின்னு வருதும்மா. மார் ஏறி எறங்குது, ஆனா காத்து போவல. அப்பறம் கெணத்துல முங்கி எழுந்த மாதிரி 'ஹா'ன்னு இழுக்கறாங்க. உனுக்குத் தெரியாதா?"

"அவ எப்பவும் அப்படித்தா தூங்குவா" என்றேன்.

"அது தூக்கமில்லம்மா" என்று கத்தினான். என்னவோ நான்தான் அவள் மூச்சைப் பிடித்து வைத்திருந்த மாதிரி.

லைனில் செய்தி பரவியதும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மூச்சு என்றாலே எங்கள் ஊரில் மைன்ஸ் தூசிதான். குழாயடி மேரி, "பாவம், அந்தக் காலத்துல புருசன் சட்டையத் தொவச்சித் தொவச்சியே இவளுக்குத் தூசி நெஞ்சுல எறங்கியிருக்கு" என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். தினமும் அதே தூசிச் சட்டையைத் துவைத்த எனக்கு ஒன்றும் இறங்கவில்லையே என்று யாரும் கேட்கவில்லை.

ஆல்பர்ட் லீவு போட்டு அவளைப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கொண்டு போனான். ஒரு ராத்திரி அங்கேயே படுக்க வைத்து, தலையிலும் மார்பிலும் ஒயர் ஒட்டிப் பரிசோதனை செய்தார்களாம். "கேஜ்ல ஏத்தற சாமான் மாதிரி கட்டி வெச்சிட்டாங்க தங்கச்சி" என்று சிரித்தாள். ரிசல்ட் கேட்கப் போகும்போது நானும் வருகிறேன் என்றேன். என் மகன் லீவு போட்டு எனக்காக எந்த ஊருக்கும் வந்ததில்லை. மற்றவளுக்காக வருவதையாவது கூட இருந்து பார்க்கலாம் என்றுதான்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கன்னடத்தில் ஆரம்பித்து, எங்களைப் பார்த்துத் தமிழுக்கு மாறினாள். அவள் பேச ஆரம்பித்ததுமே அக்கா நாற்காலியில் தலையைச் சாய்த்துவிட்டாள்.

"பாத்தீங்களா?" என்றாள் டாக்டர். "இவங்க நல்லா தூங்கறாங்கன்னுதானே எல்லாரும் நெனச்சிருப்பீங்க? இவங்க தூங்கறதே இல்ல. கண்ணு அசந்ததும் தொண்டைச் சதை தளர்ந்து காத்து போற வழிய அடைச்சிடுது. மூச்சு நின்னுடுது. மூளை பயந்து தட்டி எழுப்புது. மறுபடியும் அசந்தா மறுபடியும் அடைக்குது. ராத்திரி பூரா இதேதான். எழுந்தது அவங்களுக்கே ஞாபகம் இருக்காது. அதான் பகல்ல இப்படி விழறாங்க. காலையில தலைவலி இருக்குமே?"

இருந்தது. தினமும் காலையில் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் காப்பி போடுவாள். அதிகமாகத் தூங்கினால் அப்படித்தான் வலிக்கும் போல, அதற்கும் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். டாக்டர் பேசப் பேச எனக்கு ஏமாந்துபோன மாதிரி இருந்தது. இத்தனை வருடம் பொறாமைப்பட்டேனே, அந்தத் தூக்கம் அவளிடம் இருக்கவே இல்லையா?

"இப்படியே விட்டா?" என்று ஆல்பர்ட் கேட்டான்.

"பி.பி. இப்பவே எகிறியிருக்கு. இதயத்துக்குக் கெடுதல். பக்கவாதம் வரலாம். விடக்கூடாது."

"வழி இன்னா டாக்டர்?"

எடை குறைய வேண்டும், ஆனால் அது மெதுவாக நடக்கிற காரியம் என்றாள். ஒருக்களித்துப் படுக்கலாம், இவங்களுக்கு அது மட்டும் போதாது. பல்லில் மாட்டுகிற கிளிப் ஒன்று உண்டு, கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் என்று அவள் சொன்ன நேரத்தில் அக்கா விழித்துக்கொண்டாள். பல்செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இதுல மாட்டிக்க முடியுங்களா?"

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சொந்தப் பல் வேண்டும் என்று சொல்லிவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன மெஷினை எடுத்து வைத்தாள். அதிலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். குழாயின் முனையில் மூக்கையும் வாயையும் மூடுகிற மூடி. தூங்கும்போது இதைப் போட்டுக்கொண்டால், உள்ளே போகிற காற்று தொண்டையை அடைக்கவிடாமல் திறந்து வைத்திருக்கும். இவங்களுக்கு இதுதான் சரி என்றாள்.

அக்கா மூடியைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. பல்செட்டை வாயில் போட்டுக்கொண்டு, "ஆபரேசன் இல்லீங்களா?" என்றாள்.

"இருக்கு. ஆனா இந்த வயசுல, இந்த பி.பி.யோட முதல்லயே அதுக்குப் போகக் கூடாதும்மா. செஞ்சாலும் முழுசா சரியாகும்னு நான் சொல்ல முடியாது."

"பரவால்ல, அறுத்துடுங்க. வலி ஒரு நாளோட பூடும். இது எனக்கு வாணாம்."

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஆல்பர்ட்டுக்கும் புரிந்திருக்க வேண்டும்.

எங்கள் லைனில் மூக்கு மூடி என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தூசியில் நெஞ்சு போன ஆட்களுக்குக் கடைசியில் ஆக்சிஜன் சிலிண்டர் வரும். லைன் முனையில் அது உருளுகிற சத்தம் கேட்டால் யார் வீட்டு முன்னால் நிற்கிறது என்று எல்லாரும் எட்டிப் பார்ப்போம். மூடி முகத்தில் ஏறிவிட்டால், பெண்கள் ரொட்டியும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாடுவார்கள். எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். என் வீட்டுக்காரர் அப்படித்தான் போனார். அவள் வீட்டுக்காரரும் அப்படித்தான். மூடி போட்டவர் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டதை எங்கள் லைன் பார்த்ததே இல்லை.

கடைசியில் டாக்டர், "ஒரு மாசம் வாடகைக்கு எடுத்துப் போட்டுப் பாருங்க. ஒத்துவரலேன்னா அப்புறம் வேற பேசலாம்" என்றாள். திரும்பி வருகிற ரயிலில் மெஷின் பெட்டியை ஆல்பர்ட் மடியில் வைத்துக்கொண்டான்.

"பெரிம்மா, இது அந்த மூடி இல்ல. இதுல ஆக்சிஜனே கெடையாது, வெறுங்காத்து. அப்பா காலத்துல மைன்ஸ் அடியில இருக்கறவங்களுக்கு மேல இருந்து பெரிய பேன் வெச்சி காத்து ஊதுவாங்க இல்ல? அத மாதிரி. அவ்ளோதான்."

"கீழ போனவங்களுக்குக் காத்து, சரி. நா எங்கடா போறேன்?" என்றாள் அக்கா. பிறகு ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

அவனுக்காகத்தான் ஒத்துக்கொண்டாள். பகலில் போட்டுப் பழகிக்கொண்டால் பயம் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் ஆல்பர்ட் மூடியை மாட்டிவிட்டுக் கடைக்குப் போனான். கதவு திறந்தே இருந்தது. குழாயடிக்குப் போன மேரி உள்ளே எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பெண்கள் வரிசையாக வருவதைப் பார்த்தேன். கையில் ரொட்டி, பழம், பாட்டுப் புத்தகம். பின்னாலேயே பாஸ்டரும் வேகவேகமாக வந்தார். "அப்படி இல்லைங்க" என்று சொல்ல வாய் எடுத்தேன். அத்தனை பேர் முகத்தையும் பார்த்ததும் என் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர்கள் உள்ளே போய்க் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மேரி அழுதுகொண்டே பாட்டை எடுத்தாள். இரண்டாவது சரணத்தில் அக்கா எழுந்து உட்கார்ந்தாள், மூடியோடு, தும்பிக்கையோடு. ஒருத்தி அலறிவிட்டாள். பாஸ்டர் ஓரடி பின்னால் போனார்.

அக்கா மூடியைத் தாடைக்குக் கீழே இழுத்து, "யாருக்குப் பாடறீங்க?" என்று கேட்டாள்.

ரொட்டியைப் பார்த்தாள், பழத்தைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள், அவளே மற்ற விஷயத்துக்கெல்லாம் சிரிக்கிறவள்தான். அன்றைக்குச் சிரிக்கவில்லை. மூடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

அதற்குப் பிறகு ஆல்பர்ட் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. வேலை விட்டு வந்ததும் நேராக அங்கேதான். "ஒரே ஒரு நாளு, பெரிம்மா." "வாணாம் கண்ணு. ஆபரேசனுக்குக் கேட்டுப் பாரு." "அதுல உனுக்கு ஆபத்துன்னு சொன்னாங்களே." "இதுல மட்டும் இன்னா? இத போட்டுக்கினு படுத்தா நெசமாவே எமன் வழி தெரிஞ்சி வந்துடுவான்." மாதம் ஓடிக்கொண்டிருந்தது. மெஷினைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் வந்துகொண்டிருந்தது. என் மகன் என் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் தட்டில் கை வைத்துக்கொண்டே, "பெரிம்மா ஒரு நாளு எழுந்துக்காமயே பூட்டா நா இன்னா செய்வேன்?" என்றான். எனக்காக அவன் அப்படிக் கேட்பானா என்று நினைத்தேன். கேட்கவில்லை, நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தோம். குழாயில் தண்ணீர் வருகிற நேரம், லைன் பெண்கள் எல்லாரும் வெளியே இருந்தார்கள். அக்கா வீட்டு வாசலில் ஆல்பர்ட் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு, அழப்போகிற முகத்தோடு உட்கார்ந்திருந்தான். அவள் எதிரில் நாற்காலியில். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. நேராகப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அத எனக்குப் போடுடா" என்றேன்.

"இன்னாம்மா?"

"எனக்கும் மூஞ்சி இருக்கு இல்ல? போடு."

அவன் உள்ளேயிருந்து ஒயரை இழுத்து வாசலுக்குக் கொண்டுவந்தான். மூடியை என் முகத்தில் வைத்தான். பட்டையைக் காதுக்கு மேலாக இழுத்துப் பின்னால் மாட்டினான். காற்று கசிகிறதா என்று மூக்கின் இரண்டு பக்கமும் விரலை வைத்துப் பார்த்தான். "இங்க இறுக்குதாம்மா? வலிக்குதா?" என்று கேட்டான். என் மகன் என் முகத்தைத் தொட்டு எத்தனை காலம் ஆகிறது! இல்லை என்று தலையாட்டினேன். மெஷின் ஓடியது. காற்று உள்ளே தள்ளிக்கொண்டு போனது. முதலில் திணறியது, வாயை மூடிக்கொண்டதும் பழகிவிட்டது.

"ஐயையோ, இவளுக்குமா!" என்று மேரி குடத்தைக் கீழே போட்டாள். பெண்கள் கூடிவிட்டார்கள். இன்னொரு நேரமாக இருந்தால் நான் எழுந்து உள்ளே ஓடியிருப்பேன். ஆனால் முகத்தில் பாதி மறைந்துவிட்டது. நான் எல்லாரையும் பார்த்தேன், யாருக்கும் என்னைச் சரியாகத் தெரியவில்லை. இப்படி ஒரு சௌகரியம் இந்த உலகத்தில் இருக்கிறதே என்று இருந்தது. மேரியை நன்றாக நிமிர்ந்து பார்த்தேன். ஒரு வாழைப்பழம் கொண்டு வா என்று கையால் காட்டினேன். ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மேரியும் சிரித்தாள், மூக்கைச் சிந்திக்கொண்டே.

அக்கா சிரிக்கவில்லை. ஆல்பர்ட் என் பக்கத்தில் மண்டிபோட்டு, பட்டையைத் தளர்த்திக்கொண்டும் இறுக்கிக்கொண்டும் இருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கழற்றவில்லை. தண்ணீர் நின்று, குடமெல்லாம் வீட்டுக்குப் போகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவள்தான் எழுந்து வந்தாள்.

"போதும், கழட்டு. எனக்குன்னு எம்புள்ள வாங்கியாந்த காத்தெல்லாம் நீயே இழுத்துக்கினா எனக்கு இன்னா மீதி இருக்கும்?"

எம்புள்ள என்றாள். நான் மூடியைக் கழற்றிக் கொடுத்தேன். ஆல்பர்ட் அதைத் துடைத்துக்கொண்டு அவளோடு உள்ளே போய்விட்டான்.

அன்றைக்கு ராத்திரியிலிருந்து அவள் மூடி போட்டுக்கொண்டாள், ஆனால் உடனே எல்லாம் நேராகிவிடவில்லை. மூக்கு வறண்டது, கன்னத்தில் தழும்பு விழுந்தது, கரண்டு போனால் மெஷின் நின்று அவள் திட்டுவது கேட்கும். ஆல்பர்ட் பெங்களூருக்குப் போய், மூக்கை மட்டும் மூடுகிற சின்ன மூடிக்கு மாற்றி வந்தான். அது ஒத்துக்கொண்டது. ஒருநாள் காலையில், தலையில் துணி கட்டாமல் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் இரண்டு டம்ளர் காப்பி.

"தங்கச்சி, நேத்து நா தூங்கினேன்."

"நீ எப்பவும் தூங்கறதுதானேக்கா."

"இல்லமே. தூங்கினேன். எழுந்தா வெளிச்சம். தல லேசா இருக்கு, கழுத்து மேல எதுவுமே இல்லாத மாதிரி." சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. "இத்தினி வருசமா எனக்கு இது தெரியவே தெரியாது."

நான் காப்பியைக் குடித்தேன். முன்னால் இல்லாத ஒன்றுக்காகப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது நிஜமாகவே அவளிடம் அது வந்துவிட்டது. அதுவும் நான் நடுவில் உட்கார்ந்து வரவழைத்துக் கொடுத்தது. எனக்கு அந்த மெஷின் உதவாதா என்று ஆல்பர்ட்டை மெதுவாகக் கேட்டேன். "உனுக்கு மூச்சு நல்லாத்தாம்மா போவுது. உனுக்கு மனசுதா தூங்க மாட்டுது" என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடினான்.

வாடகை மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவளுக்குச் சொந்தமாக ஒன்று வாங்கிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சாட்சி சொல்ல எழுந்தாள். முன்னே அவள் தூங்கின அதே பெஞ்சிலிருந்து எழுந்து, எல்லாரையும் பார்த்து நின்று பேசினாள். ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். பெங்களூர் டாக்டர் பொண்ணுக்கு நன்றி சொன்னாள். பெத்த பிள்ளைக்கு மேலாகப் பார்த்துக்கொண்ட ஆல்பர்ட்டுக்கு, பெயரை இரண்டு தடவை சொல்லி நன்றி சொன்னாள். சாகிறதுக்கு முன்னாலேயே பாட்டுப் பாடின மேரிக்கும் நன்றி என்றாள். சர்ச்சே சிரித்தது, மேரி எழுந்து கும்பிட்டாள். நான் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு காத்திருந்தேன். கன்னமெல்லாம் சூடாகிவிட்டது. ஆமென் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி வரும் வழியில் நான் நாலடி தள்ளியே நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவளே கேட்டாள்.

"இன்னா, மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு வர?"

"ஒண்ணுமில்ல."

"உம்பேர சொல்லலன்னுதான? சொன்னா நீ வெக்கத்துல எழுந்து ஓடிப்பூடுவன்னு வுட்டுட்டேன். உன்ன எனக்குத் தெரியாதா?"

ஓடியிருக்க மாட்டேன். உட்கார்ந்திருப்பேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

இப்போது அவள் பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். மெஷினோடுதான் போனாள். ஆல்பர்ட் வேலை முடிந்ததும் வாரத்தில் ஒரு நாளாவது அங்கே போய் டீ குடித்துவிட்டுத்தான் ரயில் ஏறுகிறான். பெரிம்மா இளைத்துவிட்டாள், பேரப்பிள்ளைகளோடு பார்க்கில் நடக்கிறாள், கார்டு விளையாட்டில் எல்லாரையும் ஜெயிக்கிறாள் என்று வந்து சொல்வான். நான் சோறு போடுவேன்.

அன்றைக்கு அவள் என் பெயரைச் சொல்லவில்லை. நானும் இதில் அவள் பெயரை எழுதவில்லை. யாராவது கேட்டால், வெட்கப்படுவாள் என்று விட்டுவிட்டேன் என்று சொல்வேன்.